மாலை நேரத்து மெய்நிகர் கடற்கரை

மனச்சிதைவு நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றில் உளவியலாளராகப் பணிபுரியும் என்னிடம் குடும்பத்தினர் அதிகம் சொல்லும் குறை, நோயாளியின் காதில் விழும் குரல்களைப் பற்றியது அன்று, தூக்கத்தைப் பற்றியதுதான். "ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருக்கான் சார், விடியும்போது படுத்தா மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கிறதில்ல" என்பார் ஒரு தாயார். மாத்திரையின் அளவு மாற்றி எழுதப்படும். அடுத்தவர் உள்ளே வருவார். ஆகையால், எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்த, கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்தில் இருப்பதுபோல் காட்சி காட்டும் மெய்நிகர் (virtual reality) கருவியைத் தூக்கப் பிரச்சினைக்குப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு எழுந்தபோது, கருவியைவிட அந்தப் பேச்சே எனக்கு மகிழ்ச்சி தந்தது.

வேலை வெட்டி இல்லாததால்தான் இரவில் விழித்திருக்கிறான் என்பது வீட்டார் பலரின் தீர்ப்பு. 2012இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல பதில் தருகிறது. மனச்சிதைவு உள்ள 20 பேரின் உறக்கத்தை, நோய் இல்லாத, ஆனால் அவர்களைப் போலவே வேலையில்லாத சிலரின் உறக்கத்தோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு தூக்கத்தையும் விழிப்பையும் நேரப்படுத்தும் உடலின் நாள்கடிகாரம் பகலிரவோடு பொருந்தாமல் கடுமையாக விலகிப் போயிருந்தது. மற்றவர்களிடம் அப்படி இல்லை. வேலையின்மை மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. 2015இல் அதே நகரில், யாரோ தமக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறார்கள் என்பது போன்ற நீங்காத பிறழ் நம்பிக்கைகளும் மாயக்குரல்களும் உள்ள 50 பேரிடம் தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை) சோதிக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் தூக்கமின்மையிலிருந்து மீண்டனர். குரல்கள் குறைந்தனவா என்பதைத் தீர்மானிக்க அந்தச் சிறிய ஆய்வு போதவில்லை. ஆனாலும், 'நோயே தீராதபோது தூக்கம் எப்படி வரும்' என்று கைவிரிப்பதற்கு அதன் பிறகு நியாயம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

மெய்நிகர் கருவியின் நிலை வேறு. மனநோய்த் துறையில் அதைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு, இங்கிலாந்தில் 346 நோயாளிகளுடன் நடத்தப்பட்டு 2022இல் வெளியானது. பேருந்து, கடை, மருத்துவரின் காத்திருப்பறை போன்ற காட்சிகளில் பழகி, வீட்டைவிட்டு வெளியே செல்லும் அச்சத்தைக் குறைப்பதே அதன் நோக்கம், தூக்கம் அன்று. நெதர்லாந்தின் குரோனிங்கனில் வெவ்வேறு மனநோய்கள் உள்ள 50 பேர் வீட்டிலேயே இயற்கைக் காட்சிகளைப் பார்த்து இளைப்பாறும் முறையைப் பத்து நாள் பயன்படுத்தினர்; பார்த்து முடித்தவுடன் மனவழுத்தம் இறங்கியது தெரியவந்தது. தூக்கத்துக்கு இவை இரண்டும் பக்கவாட்டுச் சான்றுகள் மட்டுமே என்பதை எங்கள் கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. புதிய கருவி வந்தால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்று எண்ணும் வழக்கம் நம் துறையிலும் உண்டு.

கருவியை மாட்டுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மருந்தால் எடை கூடி, இரவெல்லாம் உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் உள்ளவருக்கு வேண்டியது தூக்கப் பரிசோதனை. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் தவிப்பவருக்கு அந்தத் தவிப்பே மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம்; அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எஞ்சுபவர்களில் பலர் பயத்தால் விழித்திருப்பவர்கள். தெரு அடங்கிய பிறகு குரல்கள் உரத்துக் கேட்கின்றன. வாசலில் யாரோ நிற்பதாகத் தோன்றுகிறது.

அப்படிப்பட்ட இளைஞர் ஒருவருக்கு முதலில் ஆளில்லாத கடற்கரையைக் காட்டினோம். அமைதி தரும் காட்சி என்று அதைத் தயாரித்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவரோ கடலைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் உடலைத் திருப்பித் திருப்பித் தம் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய இடத்துல ஒருத்தர்கூட இல்லைன்னா எங்கேயோ ஒளிஞ்சிருக்காங்கன்னுதானே சார் அர்த்தம்?" என்று கேட்டார். கருவியின் முன்பக்கக் கேமராக்களைத் தொட்டுப் பார்த்து, அவை எதற்கு என்றும் விசாரித்தார். நான் கருவியை மாட்டிக்கொண்டு, அதில் தெரிவதைக் கைப்பேசித் திரையில் அவரே பார்க்கும்படி செய்தேன். அதன் பிறகே மீண்டும் அணிய ஒப்புக்கொண்டார். காட்சி நிஜமன்று என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. மாயக்குரல் கேட்பவர்கள் மெய்நிகர் உலகத்தை நிஜத்தோடு குழப்பிக்கொள்வார்கள் என்று சக ஊழியர் சிலர் அஞ்சினார்கள். நான் பார்த்தவரையில் அந்த அச்சத்துக்கு இடம் ஏற்படவில்லை.

ஒலியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மின்விசிறியின் இரைச்சலுக்குள்ளும் குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்துக்குள்ளும் குரல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருவியின் ஓசை இளைப்பாறுதல் ஆகாது; ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் வைக்கிறோம். மற்ற சிக்கல்கள் சாதாரணமானவை: தலையில் வைத்த தேங்காயெண்ணெய் கருவியின் பட்டையில் ஊறிவிடும், மூக்குக்கண்ணாடி உள்ளே இடிக்கும், சாப்பிட்டவுடன் அணிந்தால் குமட்டும்.

எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதில் எங்களுக்குள் நீண்ட வாதம் நடந்தது. படுக்கப்போகும் முன் அரைமணி நேரம் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றியது. கண்ணுக்கு மிக அருகில் ஒளிரும் திரையை, அதுவும் நாள்கடிகாரம் ஏற்கெனவே பின்தங்கிப் போனவருக்கு, இரவு பத்து மணிக்கு மாட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இப்போது மாலை ஐந்து மணியளவில் அமர்கிறோம்: முதலில் சிறிது நேரம் இளைப்பாறுதல், பிறகு கூட்டமுள்ள தெருவில் நிற்கும் பயிற்சி. காலையில் குறித்த நேரத்தில் எழுந்து வெயிலில் நிற்பதும், பகலில் ஏதேனும் ஒரு வேலைக்காக வெளியே போவதும், தூக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குச் செல்வதும்தான் சிகிச்சையின் முக்கியப் பகுதி. கருவி அவற்றுக்குத் துணை. சாதாரணத் தூக்கமின்மைக்குச் செய்வதுபோல் படுக்கையில் இருக்கும் நேரத்தை இறுக்கிக் குறைப்பதில்லை. தூக்கம் கெட்டால் இவர்களின் நோயே கிளர்ந்துவிடக்கூடும்.

அந்த இளைஞரின் தாயார், "இதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீங்களா சார்?" என்று கேட்டார். ஒரே கூடமும் அதில் பதினொரு மணிவரை ஓடும் தொலைக்காட்சியும் உள்ள வீடு அது. மகன் இரவில் வெளியேறிவிடாமல் இருக்கக் கதவை ஒட்டிப் பாய் விரித்துப் படுக்கிறார் அவர். "முதலில் டி.வி.யை ஒன்பது மணிக்கு நிறுத்திப் பாருங்கள் அம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டார்; அது மாமனாரின் தொலைக்காட்சியாம்.

கருவியில் தெரியும் வெளிநாட்டுத் தெருவில் நின்று பழகுவதில் என்ன பயன் என்று அந்த இளைஞர் கேட்டதில் நியாயம் இருந்தது. தம் தெருமுனைத் தேநீர்க் கடையைப் படமெடுத்துக் காட்சியாக்க முடியுமா என்பது அவருடைய யோசனை. முடியும், ஆனால் கடைக்காரரும் அங்கே நிற்பவர்களும் சம்மதிக்க வேண்டும். யாரோ தம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று அஞ்சும் ஒருவரின் சிகிச்சைக்காக, மற்றவர்களை அவர்கள் அறியாமல் படம் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. அனுமதிக் கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதுவரை மாலைகளில் எங்கள் சமூகப் பணியாளர் அவரை அந்தக் கடைக்கே அழைத்துச் செல்கிறார்.