முதல் டிரையத்லான்: பயிற்சி அட்டவணையில் இல்லாத விஷயங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டிதான் டிரையத்லான். என் முதல் டிரையத்லானுக்குக் கொண்டுபோன மருத்துவச் சான்றிதழில் டாக்டரின் பதிவு எண் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து இருக்கிறது, கிளினிக் முத்திரை இருக்கிறது, உடற்தகுதி உள்ளவர் என்று எழுதியும் இருக்கிறது. ஆனால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இல்லாத தாள் செல்லாதாம். இது பதிவுப் படிவத்தில் எங்கும் இல்லை. போட்டிக்கு முந்தின நாள் மதியம், எண் வாங்கும் மேசையில்தான் தெரியவந்தது. மேசையில் இருந்த தம்பியிடம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் "ஃபார்மட்படி இல்லைங்க" என்பதற்கு மேல் ஒரு பதில் இல்லை. சனிக்கிழமை மதியம் மூடிக்கிடக்கும் கிளினிக்குக்கு ஒரு வீண் அலைச்சல், பிறகு வேறொரு டாக்டரிடம் காத்திருப்பு. உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய நாள் அதிலேயே போய்விட்டது.

எனவே, பணம் கட்டிய கையோடு அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, சான்றிதழ் எந்த வடிவில் வேண்டும், எத்தனை நாள் பழையதாக இருக்கலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது "நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யத் தகுதியுள்ளவர்" என்ற வரியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். பதிவு எண், முத்திரை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். உழைக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, காகிதத்துக்காக இல்லாமல் உண்மையாகவே இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இங்கே சொல்வது ஸ்பிரிண்ட் தூரம் பற்றி: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் இதற்கு இரண்டு மடங்கு. ஏற்கெனவே 5 கி.மீ. ஓடுகிறவருக்கு மூன்று மாதப் பயிற்சி போதும். வாரத்துக்கு இரண்டு நீச்சல், இரண்டு சைக்கிள், இரண்டு ஓட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. அட்டவணைகள் எங்கும் கிடைக்கும், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் கடலில். 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது 30 முறை நீந்துவது. ஒவ்வொரு சுவரிலும் ஒரு உந்தல் கிடைக்கிறது, ஒரு நொடி மூச்சும் கிடைக்கிறது. கடலில் இரண்டும் இல்லை. தரையில் கறுப்புக் கோடும் இல்லை. நீர் கலங்கியிருந்தால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஆகவே குளத்திலேயே சுவரைத் தொடாமல் ஒரு மீட்டர் முன்னாலேயே திரும்பிப் பழகுங்கள். ஆறு முதல் எட்டு வீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் நீருக்கு மேலே வருமளவு தலையைத் தூக்கி முன்னால் பார்த்து, பிறகு பக்கவாட்டில் மூச்செடுங்கள். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு தாழும், கால் மூழ்கும், பத்தே நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் போன்ற இடத்தில் நீந்துவதென்றால் நீரோட்டத்தின் திசை தெரிந்தே ஆக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னைக் கரையை ஒட்டிய ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படியே திரும்பிவிடும். ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்ததும் இதனால்தான். நீந்துபவருக்கு இதன் பொருள் எளிது. பாதையைக் காட்டும் மிதவையை நேராகக் குறிவைத்தால் அதைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடுவீர்கள். நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குறிவைக்க வேண்டும். காலையில் கரையில் பத்து நிமிடம் நின்று, முன்னால் போகும் உயிர்காப்பாளர்களின் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். அங்குள்ள மீனவ அண்ணன்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

தனியாகக் கடலில் இறங்க வேண்டாம், ஒரு முறைகூட. கூட ஆள், இடுப்பில் கட்டும் ஆரஞ்சு நிற மிதவைப் பை, கரையில் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர். கரையிலிருந்து வெளியே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையைவிட்டு வெளியே வந்தபிறகு திரும்புங்கள். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீர் ஊற்றாமல் கடல் நீராலேயே கழுவ வேண்டும்.

போட்டியில் முதல் 200 மீட்டரில்தான் பலர் திணறுகிறார்கள். கூட்டம், உதை, வாயில் உப்புத்தண்ணீர், நெஞ்சு படபடப்பு. காரணம் பெரும்பாலும் தகுதிக்குறைவு இல்லை. மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீருக்குள் வெளியே விடாமல் இருப்பதுதான். கூட்டத்தின் பின்புறம் ஓரமாக நின்று, மற்றவர்கள் போய் பத்து நொடி கழித்துக் கிளம்புங்கள். தவளை நீச்சலோ மல்லாந்தோ எந்த முறையிலும் நீந்தலாம், விதி தடுக்கவில்லை. கயாக்கைப் பிடித்து ஓய்வெடுக்கவும் அனுமதி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். நீச்சல் கண்ணாடியின் பட்டையைத் தொப்பிக்கு உள்ளே போட்டுக்கொண்டால் அலை அடித்தாலும் பறிபோகாது. கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவுங்கள். தடவிய கையோடு கண்ணாடியைத் தொட்டால் அன்றைக்கு மிதவை கண்ணில் படாது.

இனி சைக்கிள். சோதனை மேசையில் எங்கள் வரிசையில் மூன்று பேருக்கு முன்னால் நின்றவரை நிறுத்திவிட்டார்கள். தன்னார்வலர் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றினார், பிறகு வளைந்த ஹேண்டில்பாரின் முனைக்குள் சுண்டுவிரலை விட்டார். விரல் உள்ளே போனது. முடிந்தது கதை. முனை மூடி இல்லாத குழாய், விழும்போது தொடையிலோ வயிற்றிலோ வட்டமாக வெட்டி இறங்கும். அதனால் அந்த விதியில் தளர்வு கிடையாது, கூடவும் கூடாது. ஹேண்டில்பார் டேப் மாற்றும்போது இந்த மூடி அடிக்கடி தொலைந்துபோகிறது. கடையில் மிகச் சிறிய விலை. ஒரு ஜோடி வாங்கிப் பையில் போடுங்கள். இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். ஹெல்மெட்டில் விரிசல் இருக்கக் கூடாது, தாடைப் பட்டை இறுக வேண்டும்.

ஹைபிரிட் சைக்கிள் போதும், புதிது வாங்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் சைக்கிளில் என்ன வால்வு என்று இன்றே பாருங்கள். ரோடு சைக்கிள்களில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நம் ஊர் பங்க்சர் கடைக் கம்ப்ரஸரும் பெட்ரோல் பங்க் குழாயும் பைக், கார் வால்வுக்கானவை, இதில் உட்காராது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று இருக்கிறது. வால்வு நுனியின் சிறு திருகைத் தளர்த்தி, ஒரு தட்டு தட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்துவிட்டு அடாப்டரை மாட்ட வேண்டும். திருகைத் தளர்த்த மறந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. இதைவிட, அளவு காட்டும் ஃப்ளோர் பம்ப் ஒன்று சொந்தமாக இருப்பதுதான் நல்லது. 70 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் காற்றழுத்தம் சுமார் 85 பி.எஸ்.ஐ., 28 மி.மீ. என்றால் 70ஐ ஒட்டி. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

மாற்று டியூபிலும் இதே கவனம் வேண்டும். பிரெஸ்டா ரிம்மின் துளை சிறியது. கடைக்காரர் தவறிக் கொடுத்த கார் வகை வால்வு டியூப் அதில் நுழையவே நுழையாது. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்தில் பங்க்சருக்குப் பெரும்பாலும் காரணம், லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி. அது டயருக்குள்ளேயே குத்திக்கொண்டு நிற்கும். தேடி எடுக்காமல் புது டியூபைப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். துணியால் டயரின் உட்புறம் முழுக்கத் துடையுங்கள், கம்பி இருந்தால் துணி மாட்டும். வெளியாள் உதவி வாங்கினால் தண்டனை உண்டு என்பதால், வீட்டில் பின்சக்கரத்தை நீங்களே கழற்றி மாட்டிப் பழகியிருக்க வேண்டும்.

முந்தின நாளே சைக்கிளை டிரான்சிஷனில் (ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததுக்கு மாறும் இடம்) நிறுத்திவைக்கச் சொன்னால், காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வாருங்கள். மதிய வெயிலில் அழுத்தம் கூடி, பழைய டியூப் வெடித்த சத்தம் டிரான்சிஷன் இடத்தில் கேட்பது வழக்கம்தான். காலையில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். காரில் சக்கரங்களைக் கழற்றிக் கொண்டுபோகிறீர்கள், டிஸ்க் பிரேக் என்றால், பேடுகளுக்கு நடுவே கனமான அட்டை செருகுங்கள். சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது.

டிரான்சிஷனில் தண்டனை வாங்குவது மிக எளிது. ஹெல்மெட் பட்டையைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை ரேக்கில் மாட்டிய பிறகே பட்டையைக் கழற்ற வேண்டும். டிரான்சிஷன் வாசலில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டித்தான் சைக்கிளில் ஏற வேண்டும், திரும்பி வரும்போது கோட்டுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். போட்டி எண் அட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டினால் சைக்கிளில் முதுகுப்பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம் என்று ஒரே இழுப்பில் திருப்பலாம். நேரம் பதியும் டைமிங் சிப் இடது கணுக்காலில்தான், வலப்பக்கம் செயின் இருக்கிறது. காலில் ஒட்டும் மணலைக் கழுவ ஒரு பழைய பாட்டிலில் தண்ணீர், ஒரு சிறு துண்டு, சாக்ஸுக்குள் கொஞ்சம் பவுடர். இந்த மூன்றும் இல்லாமல் 5 கி.மீ. ஓடினால் கொப்புளம் நிச்சயம். சைக்கிளை இலகுவான கியரில் விட்டு நிறுத்துங்கள். உங்கள் வரிசையை எண்ணி மனப்பாடம் செய்யுங்கள், ஈரத் தலையோடு ஓடிவரும்போது எல்லா ரேக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ரோட்டில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது தொழில்முறை வீரர் அல்லாத நம் பிரிவில் பொதுவாகத் தடை. உலக டிரையத்லான் விதிப்படி இடைவெளி 10 மீட்டர், அதற்குள் நுழைந்தால் 20 நொடியில் தாண்டிவிட வேண்டும். கடைசி கிலோமீட்டரில் கியரை இலகுவாக்கி வேகமாக மிதியுங்கள். இறங்கியதும் தொடை மரத்துப்போய், ஓடுவது யாருடைய காலோ என்று தோன்றும். அது ஒரு கிலோமீட்டரில் சரியாகும். பயிற்சியில் வாரம் ஒரு முறை சைக்கிள் முடிந்த கையோடு பதினைந்து நிமிடம் ஓடிப் பழகியவர்களுக்கு இது அதிர்ச்சி தராது.

சென்னை ஈரப்பதத்தில் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டரில் கலக்கும் உலக சுகாதார நிறுவன முறை ஓஆர்எஸ் பொட்டலத்தில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். மருந்துக்கடையில் அந்தப் பொட்டலத்தையே கேளுங்கள். அட்டை டப்பாக்களில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. புதிதாக எதையும் அன்றைக்குக் குடித்துப் பார்க்க வேண்டாம். முந்தின இரவு தயிர்சாதம், காலையில் இரண்டு மணி நேரம் முன்னால் இட்லியும் வாழைப்பழமும் என்று வழக்கமான சாப்பாடு போதும்.

முடித்த பிறகு பதக்கத்தோடு நேராகக் கிளம்பிவிடாதீர்கள். முடிவுப் பட்டியலில் உங்கள் எண்ணைப் பாருங்கள். சிப்பைப் பதிய வழியில் விரித்திருக்கும் பாய்களில் ஏதோ ஒன்றில் பதிவாகவில்லை என்றால், எல்லாத் தூரமும் முடித்தவர் பெயருக்கு நேராக "முடிக்கவில்லை" என்று வரும். டைமிங் ஆட்கள் கூடாரத்தைப் பிரிப்பதற்குள் வாட்சின் ஜிபிஎஸ் பதிவைக் காட்டினால் அங்கேயே திருத்துகிறார்கள். அடுத்த நாள் மின்னஞ்சல் போட்டவர்களுக்குப் பதில் வர வாரங்கள் ஆயின. வீட்டுக்கு வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்துக் காயவைத்து, எண்ணெய் விடுங்கள். கடல் உப்பு இரண்டே நாளில் துருவைக் கொண்டுவந்துவிடும்.