அனலிட்டிக்ஸ் பரீட்சையும் சித்தப்பாவின் சாறிக் கடையும்

ஒரு இணையத்தளத்துக்கு எத்தனை வருகை, எங்கிருந்து என்று கணக்கெடுக்கும் சேவைதான் கூகிள் அனலிட்டிக்ஸ். அதன் சான்றிதழ்ப் பரீட்சையில் முதல் முறை எனக்கு 72 சதவீதம்தான் வந்தது. சித்தியடைய 80 வேண்டும், அதாவது 50 கேள்விகளில் 40 சரி. நேரம் 75 நிமிடம். கூகிளின் ஸ்கில்ஷொப் தளத்தில் இலவசமாகவே எழுதலாம், தவறினால் ஒரு நாள் கழித்துத் திரும்ப எழுத விடுவார்கள். நான் மறுநாளே உட்காராமல் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரத்தில் படித்த விதம் இன்னும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் முறை நான் மனப்பாடம் செய்தது கைமாறி வந்த பழைய நோட்ஸ். அனலிட்டிக்ஸின் முந்திய பதிப்பான யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் காலத்தது. அந்தப் பதிப்பு 2023 ஜூலை 1 முதல் தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது, இப்போது கேட்பதெல்லாம் ஜிஏ4, அதாவது கூகிள் அனலிட்டிக்ஸ் 4 என்ற புதுப் பதிப்பு. சொற்கள் பெரும்பாலும் அதேதான், எண்ணுகிற விதம்தான் வேறு. பவுன்ஸ் ரேட்டையே, அதாவது வந்த கையோடு போய்விட்டதாக எண்ணப்படும் வருகைகளின் சதவீதத்தையே, எடுங்கள். முன்பு ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு வேறு எதையும் தொடாமல் போனால் பவுன்ஸ். அந்தப் பக்கத்தை ஐந்து நிமிடம் ஆற அமர வாசித்திருந்தாலும் பவுன்ஸ்தான். ஜிஏ4இல் ஒரு செஷன், அதாவது தளத்துக்கு வந்து போகும் ஒரு வருகை, 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கமாவது பார்க்கப்பட்டாலோ, நாம் முக்கியம் என்று குறித்து வைத்த செயல் (கீ ஈவன்ட்) ஒன்று நடந்தாலோ அது என்கேஜ்ட் செஷன், ஈடுபாடுள்ள வருகை. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாததுதான் பவுன்ஸ்.

நோட்ஸை மூடி வைத்துவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் சித்தப்பாவின் சாறிக் கடைக்குப் போனேன். கடைக்குச் சிறியதொரு இணையத்தளம் இருந்தது, அதில் ஜிஏ4ஐப் பொருத்தினேன். காலி வீதி பஸ் சத்தத்துக்கு நடுவே கல்லாப் பக்கம் உட்கார்ந்து, என் ஃபோனில் தளத்தைத் திறந்தேன். பிறகு கடை லப்டொப்பிலும் திறந்தேன். அந்த நேரத்து வருகையை உடனே காட்டும் ரியல்டைம் ரிப்போர்ட்டில் இரண்டு யூசர். ஆனால் திறந்தது நான் ஒருத்திதான். யூசர் என்று அது எண்ணுவது ஆளை அல்ல, கருவியில் இருக்கும் பிரவுசரை என்பது அப்போதுதான் மனதில் பதிந்தது.

அப்புறம் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, பிளேன்டீ குடித்து, வந்த ஆட்களுக்குச் சாறி விரித்துக் காட்டி, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் திறந்தேன். மறுநாள் ரிப்போர்ட்டில் அந்த ஃபோனுக்கு யூசர் ஒன்று, செஷன் இரண்டு. 30 நிமிடம் எந்த அசைவும் இல்லாவிட்டால் செஷன் முடிந்துவிடும், அடுத்து வருவது புதுக் கணக்கு. பரீட்சைக்கு இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பழைய பதிப்பில் நள்ளிரவு தாண்டினால் செஷன் இரண்டாகும், ஜிஏ4இல் ஆகாது.

வரவு எங்கிருந்து என்ற பகுதியை எனக்குப் படிப்பித்தது சித்தப்பாதான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன பிள்ளை, முக்கால்வாசி டிரெக்ட் எண்டு கிடக்கு? இவ்வளவு பேரும் எங்கட பெயரை டைப் பண்ணியே வந்தவை?” நல்ல கேள்வி. டைப் பண்ணி வந்தவர்கள் மட்டும் டிரெக்ட் இல்லை. எங்கிருந்து வந்தார் என்ற தகவல் கிடைக்காத வரவெல்லாம் அந்தக் கணக்கில்தான் விழும். சித்தப்பா தினமும் புதுச் சாறிப் படங்களோடு தள இணைப்பையும் வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறவர். அதைத் தட்டி வந்தவர்களில் பெரும்பகுதியும் டிரெக்ட்டுக்குள்தான் கிடந்தது. வரவு எங்கிருந்து, எந்த வழியால், எந்தப் பிரசாரத்தால் என்று சொல்லும் யூடிஎம் குறிகளை இணைப்பின் வாலில் சேர்த்தேன்: சோர்ஸ், மீடியம், கம்பெய்ன். ஒரு வாரத்தில் வட்ஸ்அப் தனி வரியாக வந்து நின்றது. இதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே எண்ணப்படும். நான் ஒரு நாள் மாற்றி எழுதியதில் ஒரே வட்ஸ்அப் இரண்டு வரியாகப் பிரிந்துவிட்டது, ஆகவே எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் தொடர்புப் பக்கம். அதன் பவுன்ஸ் ரேட் மற்றப் பக்கங்களைவிடக் கூட. பக்கம் சரியில்லை என்று மாற்றி எழுதத் தொடங்கியே விட்டேன். பிறகு யோசித்தேன், அங்கே வருகிறவருக்கு வேண்டியது தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். எட்டு விநாடியில் இலக்கத்தைத் தட்டி அழைத்துவிட்டால் அவர் வந்த வேலை முடிந்தது, ரிப்போர்ட்டில் மட்டும் அது பவுன்ஸ். இலக்கத்தைத் தட்டுவதை ஒரு ஈவன்டாக அமைத்துக் கீ ஈவன்ட் என்று குறித்ததும், அதே எட்டு விநாடி வருகை என்கேஜ்ட் ஆனது. பவுன்ஸ் கூடினால் பக்கம் மோசம் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். அந்தப் பக்கம் எதற்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கையில் தளம் எதுவும் இல்லாதவர்களுக்கு கூகிளே தன் பெயர் பொறித்த பொருட்களை விற்கும் மேர்ச்சண்டைஸ் ஸ்டோரின் தரவை டெமோ கணக்காகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் அமைப்புகளை மாற்ற முடியாது, ரிப்போர்ட் வாசித்துப் பழகலாம். சொந்தத் தளம் இருந்தால் நேர வலயத்தை முதல் நாளே கொழும்புக்கு மாற்றுங்கள், பிறகு மாற்றினால் பழைய தரவு திருந்தாது. கடை வைஃபையிலிருந்து வீட்டு ஆட்கள் வந்து பார்ப்பதையும் இன்டர்னல் ட்ராஃபிக் என்று வடிகட்டுங்கள்.

இரண்டாம் முறை கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு வைத்து எழுதினேன். செஷன், டிரெக்ட் என்று கேள்வி வந்த இடங்களில் நோட்ஸ் நினைவுக்கு வரவில்லை, சித்தப்பாவின் கல்லாதான் வந்தது. 88 சதவீதம். சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அடுத்த வருடம் திரும்ப எழுத வேண்டும். சித்தப்பா இப்போது தீபாவளிக்குக் குழுவுக்கு ஒன்றாகத் தனித்தனி இணைப்புக் கேட்டிருக்கிறார்.