சினை நாய்க்குப் பூச்சி மருந்து

"சினையா இருக்குதுங்க டாக்டர், இப்பப் போயி பூச்சி மருந்து குடுத்தா குட்டி கலைஞ்சிடாதுங்களா?"

கோத்தகிரியில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. நான் முதலில் கேட்பது இணை சேர்த்த தேதியை. அப்புறம் நாயை எடை மெஷினில் ஏற்றச் சொல்வேன். இந்த இரண்டும் தெரியாமல் எந்த மருந்தையும் பாதுகாப்பானது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பயந்துகொண்டு மருந்தே கொடுக்காமல் விடுவதுதான் இங்கே அதிகம். மலம் சுத்தமாக இருக்கிறது, புழுவே இல்லை என்பார்கள். உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளுக்குள் உறங்கிக் கிடக்கும். மலத்தைச் சோதித்தால் தெரியாது. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். 42ஆம் நாளை ஒட்டி அவை விழித்து, நச்சுக்கொடி வழியாகக் குட்டிகளுக்குள் போய்விடும். கொக்கிப் புழு பால் வழியாகப் போகும். கண் திறக்காத குட்டிக்கும் புழு இருப்பது இதனால்தான். வயிறு உப்பிய குட்டியைக் காட்டி, "நல்லா கொழுகொழுன்னு இருக்குது பாருங்க" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கும்.

சினைக்காலத்தில் நான் நம்பிக் கொடுப்பது ஃபென்பென்டசோல். 40ஆம் நாளில் தொடங்கி, குட்டி போட்ட 14ஆம் நாள் வரை தினமும், கிலோவுக்கு 50 மில்லிகிராம். 28 கிலோ லேப்ரடாருக்கு ஒரு நாளைக்கு 1,400 மில்லிகிராம் ஆகிறது. ஐந்து வாரத்துக்கு மேல் விடாமல் கொடுக்க வேண்டும். இலை பறிக்கக் காலையிலேயே கிளம்பும் வீடுகளில் இது நடக்கிற காரியமா என்று கேட்டால், பல வீடுகளில் நடக்காதுதான். அவர்களுக்கு, குட்டி பிறந்த பிறகாவது பைரன்டெல் கொடுத்துவிடுங்கள் என்கிறேன். அது சினை நாய்க்கும் குட்டிக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்து.

அல்பென்டசோல்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் 400 மில்லிகிராம் மாத்திரை அது. பிள்ளைக்கே கொடுக்கிறார்கள், நாய்க்கு என்ன ஆகும் என்ற நினைப்பு இயல்பானது. ஆனால் அது கருவில் ஊனம் உண்டாக்கக்கூடிய மருந்து. நாய்களின் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கும். சினை நாய்க்கு வேண்டவே வேண்டாம். ஃபெபன்டெல் கலந்த கூட்டு மாத்திரைகளையும் சினையின் ஆரம்ப வாரங்களில் நான் எழுதுவதில்லை.

அடுத்தது மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி. 1 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. 20 கிலோ நாய்க்கு ஒரு மில்லி போட்டால் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம். இதயப்புழுவைத் தடுக்க நாய்க்குத் தேவைப்படுவது கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம். கோலி போன்ற மேய்ப்பு இனங்களில் பல நாய்களுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை இருக்கும். மருந்து மூளைக்குள் ஏறி, நடை தள்ளாடி, பார்வை மங்கி, நினைவிழந்து விழும். மாட்டு மருந்து மாட்டோடு இருக்கட்டும்.

இந்த மலையில் இன்னொரு சிக்கல் மண். குளிரும் ஈரமும் உள்ள மண்ணில் உருண்டைப் புழுவின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த மண் ஒட்டிய கையை வாயில் வைக்கும் பிள்ளைகளின் கல்லீரலுக்கும் கண்ணுக்கும்கூட இளம்புழு போகலாம். மலத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடச் சொல்வது இதனால்தான்.

குட்டிகளுக்கு 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து கொடுக்கும் அதே நாட்களில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டிகளின் மலத்தைத் தாய் நக்கியே சுத்தம் செய்யும். குட்டிக்கு மட்டும் கொடுத்தால் புழு அந்த வழியில் தாயிடம் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் குட்டியை எடை போட்டுவிட்டுத்தான் மருந்தை அளக்க வேண்டும். போன முறை ஒரு கிலோ இருந்த குட்டி இந்த முறை இரண்டு கிலோ இருக்கும்.