மூன்றாம் வரிசையில் அம்மா

"அம்மா கடைசி சீட்டுல படுத்துக்கிட்டுத்தான் வருவாங்க தம்பி. இந்த அஞ்சு ஸ்டாரு அவங்களுக்கும் சேத்துத்தானே?"

"ஆமாங்கய்யா. வண்டி முழுக்கத்தான்."

பேச்சு இவ்வளவுதான். கேட்டவர் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி; பதில் சொன்னது கார் ஷோரூமில் விற்பனையாளனான நான். சம்பா நெல்லுக்குக் கொள்முதல் பணம் ஏறியிருந்த நேரம். ஏழு பேர் உட்காரும் வண்டி. அடுத்த நிமிடமே பேச்சு நிறத்துக்கும் டெலிவரிக்கு நல்ல நாள் பார்ப்பதற்கும் போய்விட்டது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டு சர்வீஸ் முடிந்தும் ஒரு கீறல் இல்லை. ஆனால் "முழுக்கத்தான்" என்று நான் சொன்ன அந்தச் சொல் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அது பொய்யா? சுவரில் மாட்டியிருந்த ஐந்து நட்சத்திரப் பாதுகாப்புச் சான்றிதழ் உண்மையானது. வண்டியை மோதிப் பார்த்ததும் உண்மை, மதிப்பெண்ணும் உண்மை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த வாசகமும் "ஐந்து நட்சத்திர வண்டி" என்பதுதான். நட்சத்திரத்தை வண்டிக்குத் தருகிறார்களா, வண்டிக்குள் குறிப்பிட்ட சில இடங்களில் உட்காருபவர்களுக்குத் தருகிறார்களா என்று அந்தப் பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கான விதிமுறை ஏஐஎஸ் 197. முன்மோதல் சோதனையில் வண்டியை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின் மீது, முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி மோத விடுகிறார்கள். எதிரே வரும் வண்டி கொஞ்சம் விலகி மோதினால் நடப்பது இதுதான். டிரைவர் சீட்டிலும் அவர் பக்கத்து சீட்டிலும் ஆளுக்கொரு பெரியவர் பொம்மை. சராசரி ஆண் உடம்பு, 175 செ.மீ. உயரம், 78 கிலோ. பின்சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தை அளவில் இரண்டு பொம்மைகள், சைல்டு சீட்டில் முறையாகக் கட்டப்பட்டு. பக்கவாட்டு மோதல் 50 கி.மீ. வேகத்தில். உயர்ந்த நட்சத்திரம் வேண்டுமானால் 29 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கம்பத்தின் மீதும் இடிக்க வேண்டும். கம்பத்தின் குறுக்களவு 254 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு தென்னை மரம். நம் சாலையோர மரங்களை நினைத்தால், இந்தச் சோதனை நமக்காகவே வைத்தது போலத் தோன்றும்.

இதில் கடைசி வரிசையில் பெரியவர் யாருமே இல்லை. பின்னாலிருந்து லாரி வந்து இடிக்கும் சோதனையும் இந்த நட்சத்திரக் கணக்கில் வராது. ஏழு பேர் வண்டியில் மூன்றாம் வரிசையின் முதுகுக்கும் பின்கதவுக்கும் இடையே நசுங்குவதற்கென்று இருக்கும் இடம் மிகக் குறைவு. அந்த ஐயாவின் அம்மா படுத்து வருவது அங்கேதான்.

அவர் சொன்னதில் "படுத்துக்கிட்டு" என்ற சொல்லை அன்று என் காது வாங்கவே இல்லை. நெடுநாள் கழித்து, வேறொருவருக்கு சீட் மடிப்பதைக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. சீட் பெல்ட் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றில் ஏறக் கூடாது. மேல்பட்டை காறையெலும்பின் குறுக்கே போக வேண்டும்; அக்குளுக்குக் கீழே போகக் கூடாது. படுத்திருப்பவருக்கு இரண்டுமே கிடையாது. எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், பெல்ட் இல்லாத உடம்பு வண்டி நின்ற பிறகும் அதே வேகத்தில் முன்னே போகும். நடுவரிசை சீட்டின் முதுகில் போய் மோதும். அங்கே உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து நசுக்கும். ஏர்பேக்கே பெல்ட்டுக்குத் துணையாகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மோதிய சில பத்து மில்லி நொடிகளில் பெல்ட் இறுகி ஆளைப் பிடித்துக்கொள்கிறது, அதன் பிறகுதான் ஏர்பேக் ஏந்துகிறது. முதல் பிடி இல்லாமல் இரண்டாவது பிடிக்கு அர்த்தம் இல்லை.

அவர் கேட்டது சட்டநுணுக்கக் கேள்வி கிடையாது. "எங்க அம்மா பத்திரமா?" என்றுதான் கேட்டார். நான் சான்றிதழைப் பார்த்து பதில் சொன்னேன்.

எனக்காகவும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். அந்த வண்டியின் கூடு நிலையானது என்று அறிக்கையில் இருக்கிறது. மோதலுக்குப் பிறகும் பயணிகள் அறை உருக்குலையாமல், இன்னும் கூடுதல் அடியைத் தாங்கும் நிலையில் இருந்தது என்பது அதன் பொருள். அது மூன்றாம் வரிசைக்கும் நல்லதுதான். வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.சி. அதில் எல்லா வேரியன்டிலும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் இடம் கிடைக்காமல் சாலையில் நெல்லைக் காயப்போட்டிருக்கும் மாதங்களில், வளைவில் டயர் நெல்மணி மேல் ஏறினால் எப்படி வழுக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் பிடித்து வண்டியை நேராக்குவது இந்தக் கருவி. இதற்கு முன் அந்த ஐயா வைத்திருந்தது ஏர்பேக்கே இல்லாத பழைய வண்டி. அதிலிருந்து இதற்கு வந்தது எவ்வளவோ மேல். ஆகவே "முழுக்கத்தான்" என்பது முழுப் பொய்யும் ஆகாது.

இப்படிச் சொல்லி மனதைச் சமாதானப்படுத்திய மறுநாளே கண்ணில் பட்டது வாசலில் இருந்த ஃபிளெக்ஸ். அதன் வடிவத்தை அச்சகத்துக்கு அனுப்பியது நான். தயாரிப்பாளர் தந்த மூலப்படத்தில் நட்சத்திரங்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. பெரியவர் பாதுகாப்புக்கு இத்தனை, குழந்தைகள் பாதுகாப்புக்கு இத்தனை, எந்த வேரியன்டுகளுக்குப் பொருந்தும், எந்தத் தேதிச் சோதனை என்று. எங்கள் பலகையின் அகலத்துக்கு அது அடங்கவில்லை. கடையின் பெயரும் போன் எண்ணும் பெரிதாக வேண்டும் என்றார்கள். வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. இடம் போதவில்லை, அவ்வளவே. ஆனால் விளம்பரத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிதான்.

குழந்தை நட்சத்திரம் தனி என்பதையே நம்மில் பலர் அறிவதில்லை. 2018 டிசம்பரில், இதே மாதிரி நட்சத்திரம் தரும் பன்னாட்டு அமைப்பான குளோபல் என்கேப்பின் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு டாடா நெக்ஸான். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த 5. அதே அறிக்கையில் குழந்தைகளுக்கு 3 என்று இருந்தது. 2024-ல் புதிய விதிமுறைப்படி மறுபடி சோதித்தபோது இரண்டிலுமே 5 வாங்கினார்கள். குழந்தை மதிப்பெண்ணை மக்கள் கேட்க ஆரம்பித்தால் தயாரிப்பாளரும் அதில் கைவைப்பார் என்பதற்கு இதை ஒரு நல்ல உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

தேதியும் அதே மாதிரிதான். 2022 ஜூலைக்கு முன் குளோபல் என்கேப் பெரியவர் மதிப்பெண் 17-க்கு. ஏறக்குறைய முழுதும் முன்மோதலில் இருந்து வந்தது. அதற்குப் பிறகு 34-க்கு. பக்கவாட்டு மோதலும் சேர்ந்தது. பாரத் என்கேப்பில் 32-க்கு. பழைய 5-ம் புதிய 5-ம் ஒரே தராசில் நிறுத்தவை இல்லை. பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரத்துக்குப் பெரியவர் மதிப்பெண் 32-க்கு 27, குழந்தை மதிப்பெண் 49-க்கு 41 போதும். 27.1 வாங்கிய வண்டியும் 31.5 வாங்கிய வண்டியும் விளம்பரத்தில் ஒன்றுபோலவே மின்னும். அறிக்கையில் பொம்மையின் படம் இருக்கும். தலை, மார்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றுக்கும் நிறம்: பச்சை என்றால் நல்லது, மஞ்சள் பரவாயில்லை, ஆரஞ்சு வந்தால் யோசிக்க வேண்டும், சிவப்பு மோசம். அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் க்யூ.ஆர். குறியீடு இருந்தால் போனிலேயே திறக்கும்.

அந்தக் குழந்தை மதிப்பெண் 49-ஐப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 24 மோதலில் பொம்மைக்கு என்ன ஆனது என்பதற்கு, 12 சைல்டு சீட்டுகள் ஒழுங்காகப் பொருந்துவதற்கு, 13 வண்டியில் இருக்கும் வசதிகளுக்கு. எல்லாமே சைல்டு சீட் இருக்கிறது என்ற அடிப்படையில். நான் விற்ற வண்டிகளில் அதை வாங்கிப் பொருத்தியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். குழந்தை அப்பா மடியில், முன்சீட்டில். மணிக்கு 64 கி.மீ. என்பது நொடிக்கு ஏறக்குறைய 18 மீட்டர். அந்த வேகத்தில் இருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குள் வண்டி நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 160 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். எந்தத் தகப்பன் கையாலும் முடியாது. போதாக்குறைக்குக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஏர்பேக்.

பொருத்துவது கடினமில்லை. பின்சீட்டில் முதுகும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும், ஐசோஃபிக்ஸ் என்பார்கள். சைல்டு சீட்டின் இரண்டு கொக்கிகளும் 'க்ளிக்' என்று விழ வேண்டும், அடையாளம் பச்சைக்கு மாற வேண்டும், பிறகு மேல்பட்டையை சீட்டின் பின்புற வளையத்தில் மாட்டி இறுக்க வேண்டும். கையால் உலுக்கினால் அசையக் கூடாது. குறைந்தது 15 மாதம் வரை குழந்தை வண்டியின் பின்பக்கம் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். இதை டெலிவரி நாளில் செய்து காட்ட கால் மணி நேரம் ஆகும். நாங்கள் அந்தக் கால் மணி நேரத்தைக் கேக் வெட்டவும் போட்டோ எடுக்கவும் வைத்திருக்கிறோம்.

டெலிவரிக்குப் பிறகு நடப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. முன்னால் கட்டும் இரும்பு பம்பர் கார்டு 2017 டிசம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. இன்னமும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். முன்பகுதி எந்த வரிசையில் நசுங்க வேண்டும், சென்சார் எந்த அதிர்வில் ஏர்பேக்கை விட வேண்டும் என்பதெல்லாம் அந்த இரும்பு இல்லாமல் கணக்கிட்டது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டிக்கு முழுக்கத் தைத்து மூடிய கவர் போட்டால் அது வெளிவரத் தடை. அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவரா என்று கேட்டு வாங்க வேண்டும். பீப் சத்தம் வராமல் இருக்க பெல்ட் பூட்டில் செருகும் கிளிப்பை இணையத்தில் விற்றவர்களுக்கு எதிராக 2023-ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. ஆனாலும் சர்வீசுக்கு வரும் வண்டிகளில் அது தட்டுப்படுகிறது.

வேகத்தைப் பற்றியும் அந்த ஐயாவிடம் பேசியிருக்கலாம். சோதனை 64-ல். 80-ல் மோதினால் அந்த ஆற்றல் ஒன்றரை மடங்கு. 100-ல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. முன்மோதல் சோதனை என்பது ஏறக்குறைய தன் எடையுள்ள இன்னொரு காருடன் மோதுவதற்குச் சமம். தஞ்சாவூர் நாகப்பட்டினம் சாலையில் எதிரே வருவது பேருந்து, நெல் மூட்டை லாரி. இரவில் பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டர். கைப்பிடிச் சுவர் இல்லாத வாய்க்கால் கரை. இவற்றில் எதற்கும் நட்சத்திரம் கிடையாது.

இத்தனையும் அன்று சொல்லியிருந்தால்?

சொல்லிப் பார்த்தேன், பிறகு வந்த வேறொரு குடும்பத்திடம். அறிக்கையைத் திறந்து நிறங்களைக் காட்டினேன். எந்த சீட்டுக்குச் சோதனை நடந்தது, எதற்கு நடக்கவில்லை என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அப்ப இதுலயும் உத்தரவாதம் இல்லன்னுதானே சொல்றீங்க" என்று அந்த அம்மா கேட்டார். இரண்டு வாரத்தில், கையிலிருந்த பணத்துக்குள் அடங்குகிறதென்று டிரைவருக்கு மட்டும் ஏர்பேக் உள்ள ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டார்கள். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை. ஆனால் என் வாயால் அவர்கள் ஆபத்து கூடுதலான வண்டிக்குப் போய்விட்டார்கள். அரைகுறையாகச் சொன்ன ஐயா நல்ல வண்டியில் போகிறார், முழுதாகச் சொன்ன குடும்பம் அதைவிட மோசமான வண்டியில் போகிறது. இதை எப்படிக் கணக்குப் போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை சொன்ன விதம் தவறாக இருக்கலாம். "இந்த வண்டி பாதுகாப்பானது, இன்னின்ன செய்தால் இன்னும் பாதுகாப்பு" என்று தொடங்கியிருக்க வேண்டுமோ? அப்படித் தொடங்கினால் அது மறுபடியும் விற்பனைப் பேச்சாகிவிடுமோ?

அடுத்த வாரம் நீடாமங்கலத்து வண்டி மூன்றாவது சர்வீசுக்கு வருகிறது. ஜன்னலோரம் இறங்கும் கர்ட்டன் ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்று கையேட்டில் பார்த்து வைத்திருக்கிறேன், நீளவில்லை. அம்மாவை நடுவரிசைக்கு மாற்றி, சீட் முதுகைக் கொஞ்சம் மட்டும் சாய்த்து, பெல்ட் போட்டு உட்கார வைக்கச் சொல்லலாம். ஆனால் நடுவரிசையில் பேரக்குழந்தை. அதற்கு சைல்டு சீட் மாட்டினால் அந்தப் பக்கத்து சீட் மடியாது, மூன்றாம் வரிசைக்கு ஏற ஒரு பக்கம்தான் மிச்சம். மருமகளோ மகனோதான் பின்னால் போக வேண்டியிருக்கும். யார் எங்கே உட்காருவது என்று ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டேன். அதை ஜாப் கார்டோடு வைத்திருக்கிறேன். ஐயா வந்ததும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதுதான் இன்னும் வரவில்லை.