ரே தொட்டியும் எங்க வீட்டு போர் தண்ணியும்

மோட்டோரோ ரேன்னு ஒரு நன்னீர் திருக்கை மீன், அத வளக்க பெரிய ஃபில்டர் இருந்தா போதும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா ஃபில்டர் பாக்டீரியா மீன் கழிவுல வர்ற அமோனியாவ நைட்ரைட்டாக்கி, அத நைட்ரேட்டாக்கும், அதோட அதுங்க வேல முடிஞ்சுது, நைட்ரேட் தொட்டிக்குள்ளயே ஏறிக்கிட்டே போகும், ரே வேற இறாலா தின்னு தீக்குற ஜீவன், கழிவும் அதுக்கேத்த மாதிரிதான்.

ஒருநாள் டெஸ்ட் பண்ணா நைட்ரேட் 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) கிட்ட. பாதி தண்ணி மாத்துனா 40 வரணும்ல, 50ல நிக்குது! மண்டை காஞ்சு போய் போர் தண்ணிய டெஸ்ட் பண்ணா அதுலயே 20 இருக்கு. 80ல பாதி 40, 20ல பாதி 10, கணக்கு கரெக்ட்டுதான். எத்தன தடவ மாத்துனாலும் 20க்கு கீழ எறங்கவே எறங்காது.

இப்போ ஆர்ஓ தண்ணி கலந்து வாரம் ரெண்டு தடவ மூணுல ஒரு பங்கு மாத்துறேன், மணி பிளான்ட் வேரையும் தண்ணிக்குள்ள விட்டுருக்கேன், அது கொஞ்சம் உறிஞ்சும். ஆர்ஓ வேஸ்ட் தண்ணி அம்மாவோட துணி ஊற வைக்க.