ஒரே மூச்சில் ஈறு சிகிச்சையா, நான்கு தவணையிலா? ஒரு சிகிச்சை ஆய்வை முடித்த அனுபவம்

ஈறு மருத்துவத்தில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்தவர்கள் மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் ஓர் ஆய்வேட்டைச் செய்து பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். பிடுங்கிய பற்களை வைத்து ஆய்வகத்திலேயே செய்யும் ஆய்வைத்தான் பலரும் விரும்புவார்கள். பிடுங்கிய பல் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வராமல் போய்விடாது என்பது அதிலுள்ள பெரிய வசதி. நான் நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்துச் செய்யும் சிகிச்சை ஆய்வைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியொன்றைத் தொடங்க நினைக்கும் இளையவர்களுக்கு அதன் நடைமுறையை விரிவாகச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி எங்கள் ஓ.பி.யிலிருந்தே கிடைத்தது. ஈறுகளுக்கும் பல் வேருக்கும் இடையே ஆழமான பைகள் உண்டாகிவிட்டால், ஈறு விளிம்புக்குக் கீழே வேர் வரை சென்று, கெட்டியாகப் படிந்திருக்கும் காரையை நீக்க வேண்டும். வழக்கமாக வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒரு பகுதியாகச் செய்வோம். எங்களிடம் வருகிற சர்க்கரை நோயாளிகளில் விசைத்தறி ஓட்டுபவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி போய்விடுவதால் இரண்டாவது வாரத்தோடு பலரும் நின்றுவிடுவார்கள். முழு வாயையும் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடும் முறையைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1995-இலேயே முன்வைத்தார்கள். சுத்தம் செய்த பைகளுக்குள் இன்னும் சுத்தம் செய்யாத பகுதிகளிலிருந்து கிருமிகள் மீண்டும் குடியேறும் என்பது அவர்கள் வாதம். பின்னர் வந்த ஆய்வுகளில் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை; ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் இரண்டையும் ஏற்கிறது. ஆனால், முழு வாயையும் ஒரே நேரத்தில் செய்யும்போது அடுத்த ஓரிரு நாள்களுக்கு உடலில் அழற்சிக் குறிகள் கூடுகின்றன என்பதும் தெரிந்ததே. ஆகவே, சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டே வருகைகளில் முடிக்கும் முறை நான்கு வார முறையைவிட மோசமாக இராது என்று காட்ட முடியுமா என்பதை எடுத்துக்கொண்டேன்.

புள்ளியியல் ஆசிரியரிடம் போய், "இரண்டு முறைக்கும் வித்தியாசம் இல்லை என்று காட்டப் போகிறேன் சார்" என்று சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபது பேரை வைத்து எதை எதனோடு ஒப்பிட்டாலும் பி மதிப்பு, அதாவது அவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடக்கூடிய வாய்ப்பு, வழக்கமான வரம்பான 0.05-க்கு மேல்தான் பெரும்பாலும் நிற்கும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கும் வித்தியாசம் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள தூரத்தை ஆய்வேடுகள் பலவும் கவனிப்பதில்லை என்றார். "எவ்வளவு மோசமாக இருந்தால் பரவாயில்லை என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் கணக்குப் போடலாம்" என்பது அவர் போட்ட நிபந்தனை. நாங்கள் சராசரிப் பை ஆழத்தில் அரை மில்லிமீட்டரை எல்லையாக வைத்தோம். பையை அளக்கும் மெல்லிய கருவியான புரோபின் மிகச் சிறிய கோடே 1 மி.மீ.; அதில் பாதிக்கும் குறைவான சராசரி வேறுபாட்டால் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை மாறப்போவதில்லை. அளவுகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறும் என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் 0.7 மி.மீ. என்று கொண்டு, 80 சதவீதத் திறனோடு (முறை உண்மையிலேயே குறைந்ததல்ல என்றால் அதை ஆய்வு காட்டிவிடும் வாய்ப்பு) கணக்கிட்டபோது குழுவுக்கு 31 பேர் தேவை என்று வந்தது. பாதியில் நின்றுவிடுவோருக்காக ஐந்தில் ஒரு பங்கு இடம் விட்டு, குழுவுக்கு 39 பேர் என்று முடிவாயிற்று.

பல் மருத்துவத்தில் இவ்வகை ஆய்வு புதிதல்ல. நியூயார்க் நகரப் பள்ளிக் குழந்தைகளிடம் சொத்தைக்கு எதிராகச் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைப் பூசுவதையும், பல்லின் பள்ளங்களை மூடும் சீலண்ட் இடுவதையும் ஒப்பிட்டு 2023-இல் முடிவு வெளியிட்ட பெரிய ஆய்வும் எது சிறந்தது என்று கேட்கவில்லை. எளிய முறை மற்றதற்குக் குறைந்ததல்ல என்று காட்ட முடியுமா என்றே கேட்டது.

என் வழிகாட்டிக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சி-தான் முதன்மை அளவீடாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதில் ஆராய்ச்சி உலகமே ஒரு முறை தடுமாறியிருக்கிறது. அமெரிக்காவில் 514 பேரைக் கொண்டு செய்து 2013-இல் வெளியான ஆய்வு, ஈறு சிகிச்சையால் ஹெச்பிஏ1சி குறையவில்லை என்றது. அந்தச் சிகிச்சைக்குப் பின்னும் பற்களில் படிவு ஏராளமாக இருந்ததே, அதை எப்படி முழுமையான சிகிச்சை என்பது என்று அப்போதே பலர் கேட்டார்கள். லண்டனில் 264 பேரிடம் தீவிரமாகச் சிகிச்சை செய்து ஓராண்டு தொடர்ந்து, 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 0.6 சதவீதப் புள்ளி குறைவு தெரிந்தது. 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 35 ஆய்வுகளையும் 3,249 பேரையும் திரட்டிப் பார்த்து, மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 புள்ளி குறைகிறது என்றது. இந்த அளவு வேறுபாட்டை, திட்ட விலக்கம் 1 என்று கொண்டால், பிடிக்கவே குழுவுக்கு நூறு பேர் அளவில் வேண்டும். அதுவும் சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும்போது. இரு குழுவுக்கும் சிகிச்சை தரும் என் ஆய்வில் எதிர்பார்க்கக்கூடிய வேறுபாடு இன்னும் சிறியது. காகிதத்தில் எண்ணைப் பார்த்த பிறகு வழிகாட்டி மறுபேச்சுப் பேசவில்லை. ஹெச்பிஏ1சி இரண்டாம் நிலை அளவீடாயிற்று.

அந்தச் சந்திப்பில் புள்ளியியல் ஆசிரியர் சொன்ன இன்னொன்றுதான் அடுத்து வந்த மாதங்கள் முழுவதும் என்னை விரட்டியது. ஒரு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று காட்ட முயலும் ஆய்வில் கவனக்குறைவாக வேலை செய்தால் அதன் விளைவு பெரும்பாலும் ஆய்வாளருக்கே எதிராகத் திரும்பும். குறைந்ததல்ல என்று காட்டும் ஆய்வில் அது ஆய்வாளருக்குச் சாதகமாகிவிடலாம். சிகிச்சையை அரைகுறையாகச் செய்தாலோ, ஒரு குழுவில் இருக்க வேண்டியவருக்கு மற்றக் குழுவின் சிகிச்சை போய்விட்டாலோ, இரு குழுக்களும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும். நாம் விரும்பிய முடிவு உழைக்காமலே வந்துவிடும்.

ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி நான் பயந்த அளவுக்கு இல்லை. இரு குழுவினருக்கும் முழுச் சிகிச்சை கிடைப்பதால் பெரிய ஆட்சேபம் எழவில்லை. ஆனால் கமிட்டியில் மருத்துவரல்லாத பொது உறுப்பினர் ஒருவர் தமிழ் ஒப்புதல் படிவத்தை வரிவரியாக வாசித்து, எந்தக் குழு என்பதை நோயாளியும் மருத்துவரும் தேர்ந்தெடுக்க முடியாது, பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும் ஆகிய இரண்டும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். கூடுதல் ரத்தப் பரிசோதனைச் செலவையும் மறுபரிசோதனைக்கு வரும் பேருந்துக் கட்டணத்தையும் நோயாளி தலையில் கட்டக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைரேகை வாங்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும் என்பதால், பக்கத்துத் துறைச் செவிலியர் பலமுறை எழுந்து வர நேர்ந்தது.

அனுமதிக் கடிதம் வந்ததும் அடுத்தது சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும் என்பதால், பதிவு எண் வரும்வரை தகுதியான நோயாளிகள் கண்ணெதிரே வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதன்மை அளவீடு எது, எத்தனை மாதத்தில் அளப்பது, யாருக்கு எது மறைக்கப்படும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேள்விகள் திரும்பி வந்தன. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு தெரிந்த பிறகு அளவீட்டை மாற்றிக்கொள்ளும் சபலத்துக்கு அங்கேயே பூட்டு விழுந்துவிடுகிறது.

காத்திருந்த காலத்தில் அளவைப் பயிற்சி நடந்தது. பைகளை அளக்கப் போவது நான் அல்ல, என் சக மாணவர். யு.என்.சி.-15 புரோபைப் பல்லோடு ஒட்டி மெல்ல இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் அளக்க வேண்டும். 28 பல் இருந்தால் 168 எண்கள். அழுத்தம் 25 கிராம் அளவைத் தாண்டினால் அழற்சியுற்ற திசுவுக்குள்ளேயே முனை இறங்கிவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்பக்க நாக்குப்புற இடம்தான் எல்லோருக்கும் சோதனை: கன்னத்தை விலக்கி, நாக்கை ஒதுக்கி, எச்சிலை உறிஞ்சிப் பார்ப்பதற்குள் கோணம் மாறிவிடும். காரைத் திட்டு ஒன்றில் முனை தட்டி நின்றால் 4 என்று எழுதிவிடுவார்கள். முனையைச் சற்றே விலக்கித் திட்டைத் தாண்டி இறக்கினால் 7 இருக்கும். ஒரே நோயாளியை இடைவெளி விட்டு இரண்டு முறை அளந்து, பத்தில் ஒன்பது இடங்களாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகும்வரை அவர் பயிற்சியை நிறுத்தவில்லை.

ஆள் சேர்ப்பதுதான் மிக மெதுவாக நகர்ந்தது. புகைப்பவர்கள், அண்மையில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள், கடந்த மூன்று மாதத்தில் சர்க்கரை மருந்து மாற்றப்பட்டவர்கள் எல்லோரும் விலக்கு. ரத்தசோகை உள்ளவர்களையும் விலக்கினோம். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்பிஏ1சி அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டக்கூடும் என்பதால் ஹீமோகுளோபினை முதலில் பார்த்துவிடுவோம். இந்த ஒரு நிபந்தனை எத்தனை பெண்களை வெளியே நிறுத்தியது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

குழுப் பிரிப்புக்கான வரிசையைக் கணினியில் உருவாக்கி, ஒளி ஊடுருவாத உறைகளில் எண்ணிட்டு ஒட்டி, ஆய்வில் சம்பந்தமில்லாத ஆசிரியர் ஒருவரின் அலமாரியில் வைத்தோம். ஒவ்வொரு தொகுப்பிலும் இரு குழுக்களுக்கும் சம எண்ணிக்கையில் உறைகள் இருக்கும் என்பதால், நான்கு நான்காக மட்டும் தொகுத்தால் கடைசி உறையில் என்ன இருக்கும் என்பதை ஊகித்துவிடலாம். அதனால் நான்கும் ஆறுமாகக் கலந்த தொகுப்புகள். நோயாளியின் ஒப்புதலும் முதல் அளவுகளும் முடிந்த பிறகே உறை திறக்கப்படும்.

விரைவு முறைக் குழுவுக்கு முதல் நாள் காலை வலப்பக்கம், மறுநாள் காலை இடப்பக்கம். காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடித்துத்தான் வர வேண்டும். இருக்கையில் அமர்ந்ததும் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு. மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் மரத்துப்போகச் செய்ய வேண்டியிருப்பதால் ஊசி மருந்தின் மொத்த அளவை எடைக்கேற்பக் கணக்கிட்டுக்கொண்டேன். சிலருக்கு அன்று மாலை உடல் வலியும் லேசான காய்ச்சலும் வந்தன. தொலைபேசியில் கேட்டு ஒவ்வொன்றையும் பதிவு செய்தேன். நான்கு வாரக் குழுவில் பிரச்சினை வேறு. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் மாறும் வாரங்களில் ஆள் வரமாட்டார். அவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் இருக்கை ஒதுக்கித் தரச் சொல்லித் துறைத் தலைவரிடம் மன்றாடிப் பெற்றேன்.

மூன்றாம் மாத மறுபரிசோதனையில், எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. நோயாளிகளிடம் வாசலிலேயே சொல்லித்தான் அனுப்புவோம். ஆனாலும் ஓர் அம்மா உள்ளே நுழைந்தவுடன் என் சக மாணவரிடம், "நாலு வாரமும் ஒரு வாரம்கூட விடலைங்க தம்பி, அந்த டாக்டரம்மாகிட்ட வேணா கேட்டுப் பாருங்க" என்றார். அவர் புரோபைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அளவைப் பயிற்சி பெற்றிருந்த இன்னொரு மாணவியை அழைத்து அந்த நோயாளியை அளக்கச் செய்து, நடந்ததைப் படிவத்தில் எழுதி வைத்தோம். ஆய்வேட்டிலும் அது இருக்கிறது.

வராமல் போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் எண்ணியிருந்ததற்கு மாறாக, தொலைந்தவர்கள் பெரும்பாலும் வலி தீர்ந்து நன்றாக இருந்தவர்கள்தாம். தொலைபேசி எண் மாறியிருக்கும். மகனின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், மகன் திருப்பூரில் இருப்பார். முதல் நாளிலேயே இரண்டு எண்கள் வாங்கி வைத்ததும், ரத்தப் பரிசோதனை முடிவைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்ததும் உதவின. சர்க்கரை மருத்துவரிடம் காட்டுவதற்கு அந்தத் தாள் வேண்டும் என்பதற்காகவே சிலர் வந்தார்கள்.

பகுப்பாய்வில், ஒதுக்கப்பட்ட குழுப்படி எல்லோரையும் சேர்த்து ஒரு கணக்கு, சிகிச்சையை முறைப்படி முடித்தவர்களை மட்டும் வைத்து இன்னொரு கணக்கு என இரண்டும் போட்டோம். எல்லோரையும் சேர்க்கும் கணக்கு வழக்கமாகக் கண்டிப்பானது என்றாலும், இவ்வகை ஆய்வில் அது இரு குழுக்களையும் நெருங்கச் செய்துவிடக்கூடும். இரண்டு கணக்கிலும் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பு, அரை மில்லிமீட்டர் எல்லைக்குள்ளேயே நின்றது. சர்க்கரை அளவு இரு குழுக்களிலும் சற்றே குறைந்திருந்தது. அதை ஈறு சிகிச்சையின் பலன் என்று எழுத எனக்கு உரிமையில்லை. சிகிச்சையே பெறாத ஒப்பீட்டுக் குழு என்னிடம் இல்லை, ஆய்வில் சேர்ந்த பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தோம் என்று பலர் அவர்களாகவே சொன்னார்கள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இந்தப் பத்தியைத்தான் முதலில் புரட்டி, சர்க்கரை குறைந்ததை ஏன் முடிவுரையில் சேர்க்கவில்லை என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அடுத்த கேள்வி, அரை மில்லிமீட்டர் என்ற எல்லையை எப்போது முடிவு செய்தீர்கள் என்பது. சிடிஆர்ஐ பதிவின் நகலை எடுத்து, தேதியைக் காட்டினேன்.