கிடைக்குள் இறங்கும் பனிச்சிறுத்தை

பனிச்சிறுத்தையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மன்னார்குடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இமயமலை விலங்கைப் பற்றி எழுத உனக்கு என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கங்கைக்கும் சிந்துவுக்கும் பனிமலை இருக்கிறது, நம் காவிரிக்கு அது கிடையாது. குடகில் பெய்யும் மழைதான் நமக்கு எல்லாம், ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருஷா வருஷம் நாம் காத்துக்கிடப்பதும் அந்த மழையை நம்பித்தான். அதனால் பனிச்சிறுத்தை இருந்தால்தான் நம் வயலுக்குத் தண்ணீர் என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அதன்மேல் அக்கறை வந்தது ஓர் ஆட்டுக்கிடையால்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, சித்திரை மாதம். உளுந்து எடுத்து முடித்த வயலில் கிடை மறிக்க, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எங்களிடம் வழக்கமாக வரும் கீதாரி, அதாவது ஆட்டு மந்தைக்காரர், வந்திருந்தார். டெல்டாக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: காலியாகக் கிடக்கும் வயலில் வலையைச் சுற்றிக் கட்டி, ராத்திரி முழுக்கச் செம்மறியாடுகளை அடைத்துவைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த போகத்துக்கு அதைவிட நல்ல உரத்தை நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி இரண்டு மணி வாக்கில் நாய்க்கூட்டம் ஒன்று வலைக்குள் புகுந்துவிட்டது. விடிந்து நான் போனபோது 23 ஆடுகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைக்கூட அவை தின்றிருக்கவில்லை. கழுத்திலும் அடிவயிற்றிலும் கடித்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டுக்குத் தாவியிருக்கின்றன. கீதாரி வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். "அரை மணி நேரந்தான் தம்பி. அம்புட்டும் சினையாடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கையில மட்டும் சிக்கியிருந்தா ஒன்னையும் உசுரோட விட்டிருக்க மாட்டேன்" என்றார். நாய் மேலும் பூனை மேலும் உயிரையே வைத்திருக்கிறவன் நான். ஆனாலும் அந்த 23 ஆடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அவரிடம் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அப்பா அந்த வருஷம் கிடைக்கூலிக்கு மேல் இரண்டு மூட்டை நெல் கொடுத்தனுப்பினார். வேறு யாரிடமிருந்தும் அவருக்கு எதுவும் வரவில்லை.

இது நடந்து சில வாரம் கழித்துத்தான் பனிச்சிறுத்தைகள் எப்படிச் சாகின்றன என்று படித்தேன். அதுவரை நானும் மற்றவர்கள் மாதிரி, வேட்டைக்காரன் தோலுக்காகச் சுடுகிறான், அவ்வளவுதான் கதை என்று நினைத்திருந்தேன். வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2008இலிருந்து வருஷத்துக்கு 221 முதல் 450 பனிச்சிறுத்தைகள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அதன் கணக்கு. அதில் பாதிக்கு மேல் ஆடுமாடு வளர்ப்பவர்கள் கையால், இழப்பின் ஆத்திரத்தில். தோலுக்காகவும் எலும்புக்காகவுமே கொல்லப்படுபவை அதைவிடக் குறைவு.

ஆத்திரம் எப்படி வருகிறது என்று பாருங்கள். மலைக்கிராமத்தில் பட்டி என்பது கல்லை அடுக்கிய சுவர், பல இடங்களில் மேலே கூரை கிடையாது. பனிச்சிறுத்தை ஒரே தாவில் உள்ளே இறங்கிவிடும். வெளியில் என்றால் ஓர் ஆட்டை அடித்துத் தின்றுவிட்டுப் போகும், ஒன்று கிடைத்தால் பல நாளுக்கு அதற்குப் போதும். அடைத்த பட்டிக்குள் ஆடுகள் மிரண்டு அங்குமிங்கும் ஓட ஓட, அது ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும். விடிகிறபோது வீட்டின் மொத்தச் சொத்தும் செத்துக் கிடக்கும், சில சமயம் சிறுத்தையும் வெளியேற வழி தெரியாமல் அந்த மூலையிலேயே பதுங்கியிருக்கும். இதைப் படிக்கும்போது வரப்பில் உட்கார்ந்திருந்த கீதாரியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் கையில் ஒரு கம்பும், முன்னால் அந்த விலங்கும் இருந்திருந்தால்?

இத்தனைக்கும் அது மனிதனைச் சீண்டாத விலங்கு. மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. புலி, சிங்கம் போல கர்ஜிக்கவும் அதற்கு வராது. உடம்பு நீளத்துக்குக் கிட்டத்தட்ட வாலும் இருக்கும், குளிரில் படுக்கும்போது அந்த வாலை முகத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். என் சித்தப்பா மகன் ராணுவத்தில் லே பக்கம் இரண்டு வருஷம் இருந்தான், ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்கவில்லை, பனியில் பதிந்த கால்தடத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினான். லடாக்கில் அதை ஷான் என்கிறார்கள்.

சரி, ஆட்டுப்பட்டிக்கு அது ஏன் வருகிறது? நம் வரையாட்டைப் போலப் பாறைச் சரிவில் மேயும் பரல், ஐபெக்ஸ் என்ற காட்டாடுகள்தான் அதன் இயல்பான இரை. அவை மேயும் புல்லிலேயே நாம் வளர்க்கும் ஆடும் மேய வேண்டியிருக்கிறது. காஷ்மீர் கம்பளிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி ஏற ஏற, அந்த ஆடுகளின் எண்ணிக்கையும் மங்கோலியாவிலிருந்து நம் லடாக் வரை ஏறுகிறது, காட்டு விலங்குகள் ஒதுங்கிப் போகின்றன. 2013இல் இதை ஓர் ஆய்வாகவே எழுதினார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு நகரத்தில் வாங்கும் மெல்லிய சால்வைக்கும் பட்டிக்குள் இறங்கும் சிறுத்தைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

அப்புறம் நாய். ஆமாம், அங்கேயும் நாய்தான். முகாம்களும் சுற்றுலா விடுதிகளும் கொட்டும் மிச்சத்தைத் தின்று பெருகிய நாய்கள் கூட்டம் கூட்டமாக மலையில் திரிகின்றன. இமாச்சலப் பிரதேசத்தின் மேல் ஸ்பிதியில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, பனிச்சிறுத்தையும் ஓநாயும் கொன்றதைவிட நாய்கள் கொன்ற கால்நடைகள்தான் அதிகம். எங்கள் வயலில் பார்த்த அதே காட்சி 14,000 அடி உயரத்தில் நடக்கிறது, கோபம் மட்டும் பல நேரம் சிறுத்தையின் தலையில் போய் விடிகிறது.

என்னை உண்மையிலேயே அசைத்தது கிப்பர் என்ற ஸ்பிதி கிராமத்தின் கதை. மைசூரில் இருக்கும் ஒரு ஆய்வு நிறுவனம் (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், சுருக்கமாக என்சிஎஃப்) 1990களின் கடைசியிலிருந்து அங்கே வேலை செய்கிறது. அதன் விஞ்ஞானி சாருதத் மிஸ்ராவுக்கு 2022இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி தங்க விருது கிடைத்தது. அவர்கள் முதலில் சிறுத்தையைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி, மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை ஆடுமாடு விடாமல் ஒதுக்கச் செய்து, அதற்கு ஊருக்கு ஈடு கொடுத்தார்கள், பரல் ஆடுகள் அங்கே பெருகின. 2002இல் கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். மாட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வீடும் பணம் போடும், வெளியிலிருந்தும் கொஞ்சம் சேரும், எது செத்தது, எதனால் செத்தது, எவ்வளவு கொடுப்பது என்பதையெல்லாம் ஊர்க்குழுவே முடிவு செய்யும். பொய்க் கணக்கு சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் காசுதானே போகிறது, அதனால் யாரும் சொல்வதில்லை. இப்போது கிப்பர் பெண்களே மலையேறித் தானியங்கிக் கேமராக்களைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.

லடாக்கில் பட்டிகளுக்கு மேலே கம்பிவலைக் கூரை போட்டுக் கொடுத்தார்கள், கதவும் வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஊர் வீடுகளிலேயே தங்கி, அந்தப் பணம் அந்த வீட்டுக்கே போக வழி செய்தார்கள். ரோட்னி ஜாக்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிய அமைப்புக்கு இதில் பெரிய பங்கு.

மங்கோலியாவின் தோஸ்த் மலைக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சிறுத்தை வாழும் மலை முழுக்கச் சுரங்க உரிமம் கொடுத்திருந்தார்கள். பயர்ஜர்கல் அக்வான்ட்செரென் என்ற பெண், மேய்ச்சல்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் போராடி, 2016இல் அதை அரசுப் பாதுகாப்பு நிலமாக்கினார். 2019இல் அவருக்குச் சுற்றுச்சூழலுக்காகப் போராடுகிறவர்களுக்குத் தரும் கோல்ட்மேன் விருது. மீத்தேனுக்கு எதிராக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்ததையும், 2020இல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததையும் பார்த்த நமக்கு, காலடியில் இருக்கும் மண்ணுக்காக நிற்பது என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் எத்தனை இருக்கின்றன என்று முதன்முறையாக முறையாக எண்ணிய கணக்கு 2024 ஜனவரியில் வந்தது. 718. அதில் லடாக்கில் மட்டும் 477, உத்தராகண்டில் 124, மிச்சம் இமாச்சல், அருணாச்சல், சிக்கிம், ஜம்மு காஷ்மீரில். நாடு முழுக்க உள்ள அத்தனையையும் நிறுத்தினால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட வராது. 2017இல் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் இதை 'அருகிவரும்' நிலையிலிருந்து ஒரு படி கீழே இறக்கி 'அழியவாய்ப்புள்ள' இனம் என்று மாற்றினார்கள், அதைப் பார்த்து ஆபத்து நீங்கிவிட்டது என்று எழுதினவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போன மாதம் கீதாரி மறுபடி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, போனில் இருந்த சிறுத்தைப் படத்தைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கம்பிவலைக் கூரை அவருக்குப் பிடிக்கவில்லை. "நாங்க நாளைக்கு ஒரு வயலு மாறுறவுக தம்பி, கூரையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது?" அவர் சொல்வது சரி. கோடையில் உச்சி மேய்ச்சலுக்குப் போகும் லடாக்காரருக்கும் இதே சிக்கல்தான் இருக்கும்.

காப்பீட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் நிமிர்ந்தார். "அந்தக் காசு யாருகிட்ட இருக்கும்?"

"ஊர்க்குழுகிட்ட அண்ணே. வெளியாள் கையில இல்ல."

டம்ளரைக் கீழே வைத்தார். திருவாரூர் வரைக்கும் அவர் சொந்தக்காரர்களின் கிடை ஏழு இருக்கிறதாம், ஒவ்வொன்றிலும் முந்நூறுக்குக் குறையாமல் ஆடு. "ஆட்டுக்கு அஞ்சு ரூவா" என்று ஆரம்பித்து, விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.